யானை தோட்டத்துக்கு வருவது ஏன்? வேலி போடும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: கோவைக்கு வடமேற்கே தடாகம் பள்ளத்தாக்கில், மலையடிவாரத்தில் எங்களுக்கு 4 ஏக்கர் உள்ளது. பாதியில் நேந்திரன் வாழையும் பாதியில் மக்காச்சோளமும் வைத்திருக்கிறோம். அப்பா காலத்தில் வருடத்துக்கு ஓரிரு முறை வந்த யானை இப்போது மாதத்தில் பல இரவுகள் வருகிறது. காட்டில் யானை பெருகிவிட்டதா? அகழி வெட்டலாமா, மின்வேலி போடலாமா, பயிரையே மாற்ற வேண்டுமா?

பதில்: குலை தள்ளிய வாழை ஒரே இரவில் சாய்ந்து கிடப்பதைப் பார்ப்பது எவ்வளவு வேதனையானது என்பதை அறிவேன். இருந்தாலும், காரணம் தெரியாமல் வேலிக்குச் செய்யும் செலவு பெரும்பாலும் வீணாகிவிடுவதால், முதலில் யானை உங்கள் வரப்புக்கு ஏன் வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2,961 யானைகளும் 2024இல் 3,063 யானைகளும் இருப்பதாக மதிப்பிட்டார்கள். இந்தச் சிறிய ஏற்றத்தால் மட்டும் உங்கள் தோட்டத்துக்கு மாதத்தில் பல இரவுகள் யானை வந்துவிடாது. யானை நடக்கும் வழி துண்டுபட்டதே பெரிய காரணம் என்பது என் கருத்து. வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீவனமும் 100 லிட்டருக்கு மேல் தண்ணீரும் வேண்டும். ஒரே இடத்தில் ஆண்டு முழுவதும் இது கிடைக்காது என்பதால்தான் அது வலசை போகிறது. நீலகிரிப் பகுதியில் பெண் யானைகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை கட்டிப் பின்தொடர்ந்த ஆய்வில், ஒரு கூட்டம் நடமாடும் பரப்பு 500 முதல் 800 சதுர கிலோமீட்டர் வரை இருந்தது. கோவை வனக்கோட்டமோ வாளையாற்றிலிருந்து கல்லாறு வரை மலைச்சரிவை ஒட்டி நீண்டு கிடக்கும் குறுகலான பட்டை. மேலே சரிவு செங்குத்தாக இருப்பதால், கன்றுடன் வரும் கூட்டம் அடிவாரத்தையும் ஓடைக்கரைகளையும் பிடித்தே நடக்கும். வீட்டுமனைகளும் கட்டடங்களும் செங்கல் சூளைக்குச் செம்மண் தோண்டிய பள்ளங்களும் வந்திருப்பதும் அதே அடிவாரத்தில்தான். காட்டுக்குள்ளும் உண்ணிச்செடி (லாண்டானா) என்ற களை படர்ந்த இடத்தில் புல் முளைப்பதில்லை. ஒரு துண்டுக் காட்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போகும் யானை முன்பு காட்டுக்குள்ளேயே கடந்த தூரத்தை இப்போது பட்டா நிலத்தின் வழியாகக் கடக்கிறது; அந்த வழியில் பால் பிடித்த மக்காச்சோளம் நின்றால் தின்னாமல் போகாது.

ஆகவே உங்கள் தோட்டம் யானைக்கு வழியா, தீவனக் களமா என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். விடிந்ததும், ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன், ஈர மண்ணில் தடத்தைப் பாருங்கள். முன்னங்கால் தடத்தைச் சுற்றி ஒரு கயிற்றை வைத்து அளந்து, அந்த நீளத்தை இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம் ஏறத்தாழத் தெரிந்துவிடும். தட்டைவிடச் சிறிய தடங்களும் கலந்திருந்தால் கன்றுடன் கூட்டம் வந்திருக்கிறது, பெரிய தடம் ஒன்று மட்டும் இருந்தால் அது ஒற்றை ஆண் யானையாக இருக்கலாம். தடம் மேற்கே நுழைந்து கிழக்கே வெளியேறினால் அது கடந்து போகும் வழி. வந்த வழியே திரும்பியிருந்தால் அது பயிருக்காகவே வந்திருக்கிறது. இரண்டு மாதம் இதைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கூட்டம் கடந்து போகும் வழியாக இருந்தால், உங்கள் 4 ஏக்கரை மட்டும் அடைப்பது தவறு என்று உறுதியாகச் சொல்கிறேன். ஒருவர் அடைத்தால் யானை பக்கத்துத் தோட்டத்துக்குத் திரும்பும்; அவரும் அடைத்தால் ஊருக்குள் போகும்; விடியும்போது வழி தெரியாமல் வீடுகளுக்கு நடுவே அது நிற்கும் நிலையில்தான் உயிர்ச்சேதம் நேர்கிறது. அக்கம்பக்கத்து விவசாயிகளுடனும் வனச்சரக அலுவலருடனும் உட்கார்ந்து பேசி, ஓடையை ஒட்டிய வழியைத் திறந்து விட்டு, அதன் இருபுறமும் சேர்ந்தாற்போல் வேலி அமைப்பதே பலன் தரும். அகழி சரிவான நிலத்தில் இரண்டு மூன்று மழையிலேயே தூர்ந்துவிடும். கரையை உதைத்துத் தள்ளி யானையே அதில் இறங்கிவிடுவதும் உண்டு. மேலிருந்து மின்கம்பிகள் தொங்கும் சோலார் தொங்கு வேலி இதைவிட நல்லது, ஆனால் கம்பியில் கொடி படராமல் வாரந்தோறும் வெட்ட ஆள் வேண்டும். அது முடியாதவர் வேலிக்குப் பணம் போட வேண்டாம்.

மின்வேலி என்று நீங்கள் எழுதியிருப்பது பேட்டரியில் விட்டுவிட்டு அதிர்ச்சி தரும் வேலியாக மட்டுமே இருக்க வேண்டும். 2023இல் வந்த விதிகளின்படி அதை வனத்துறையிடம் பதிவு செய்வதும் அவசியம். மின்கம்பத்திலிருந்தோ மோட்டார் இணைப்பிலிருந்தோ நேராகக் கம்பிக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் உங்கள் வீட்டு ஆளுக்கும் அதே கம்பிதான்.

பயிரைப் பொறுத்தவரை முழுவதையும் மாற்றச் சொல்ல மாட்டேன். காட்டோர 1 ஏக்கரில் மஞ்சள், மிளகாய் போன்று யானை விரும்பாதவற்றை வைத்து, வாழையை வீட்டுப் பக்கம் கொண்டு வாருங்கள். ஆனால் வாழை வாசம் பழகிவிட்ட ஒற்றை ஆண் யானை மஞ்சளை மிதித்துக்கொண்டே உள்ளே வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். மக்காச்சோளத்தில் பால் பிடிக்கும் பருவத்திலிருந்து அறுவடை வரையிலான வாரங்களே ஆபத்தானவை. பக்கத்துத் தோட்டத்தாருடன் ஒரே சமயத்தில் விதைத்தால் காவல் இரவுகள் குறையும். அறுத்த தட்டையைக் களத்தில் குவித்து வைக்காதீர்கள்.

வால்பாறையில் சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மழைக்காடு துண்டு துண்டாகக் கிடக்கிறது. அங்கே யானைகள் ஆற்றோரப் பசுமையைப் பிடித்து நடக்கின்றன. அவை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் மக்களுக்குத் தெரிவிக்கத் தொடங்கிய பிறகு, எதிர்பாராமல் எதிரே போய் மாட்டிக்கொள்வது குறைந்தது. உங்கள் ஊரிலும் வேட்டைத் தடுப்புக் காவலர் எண்ணோடு ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்க ஒரு மாலை போதும்.

சேதத்துக்கு நிவாரணம் கேட்கும்போது, சாய்ந்த வாழையை அப்புறப்படுத்துவதற்கு முன்பே படம் எடுத்து, அன்றே வனச்சரக அலுவலகத்தில் அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) நகலுடன் மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.