வீடியோவில் பார்த்த வளவு வீடு, கெடு முடியப் பத்து நாள்

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கிறேன். கானாடுகாத்தான் பக்கம், நடுவில் வளவு (முற்றம்) வைத்த ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை வாங்க, 2021 ஜனவரி 18 அன்று ஆறு மாதக் கெடு போட்டு 20 ரூபாய் முத்திரைத்தாளில் அக்ரிமென்ட் எழுதினோம். பதிவு செய்யவில்லை. பங்காளிகள் மூன்று பேர். ஒருவர் காரைக்குடி, ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் மலேசியாவில் ஈப்போ. கூரியரில் அனுப்பி மூவரிடமும் கையெழுத்து வாங்கினோம். வங்கி மூலம் 8 லட்சம், ரொக்கமாக 2 லட்சம் கொடுத்தேன். வீட்டை நேரில் பார்க்கவில்லை, புரோக்கர் வீடியோ காலில்தான் காட்டினார். ஈப்போக்காரரின் பவர் (அவர் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம்) இன்னும் வரவில்லை. போன வாரம் மறுபடி காட்டச் சொன்னால், முன்பக்கக் கூடமான பட்டாலையில் இருந்த செதுக்கு வேலை நிலைக்கதவைக் காணோம், தகரம் அடித்து வைத்திருக்கிறார்கள். கேட்டால், "17-ஆம் தேதியோடு கெடு முடியுது, அட்வான்ஸ் போச்சு, வேற பார்ட்டி இருக்கு" என்கிறார் காரைக்குடிக்காரர். கொரோனாவுக்காகச் சுப்ரீம் கோர்ட் எல்லாக் கெடுவையும் நீட்டிவிட்டது என்கிறார் புரோக்கர். எது சரி?

பதில் (2021 ஜூலை 7 அன்று எழுதியது): முதலில் புரோக்கர் சொன்னதை மறந்துவிடுங்கள். சுப்ரீம் கோர்ட் 2020 மார்ச்சில் ஒரு உத்தரவும், இரண்டாம் அலை வந்ததும் 2021 ஏப்ரல் 27 அன்று இன்னொன்றும் போட்டது உண்மைதான். ஆனால் அவை நீதிமன்றத்தில் வழக்கோ மேல்முறையீடோ போடுவதற்கான காலவரம்பைப் பற்றியவை. நீங்களும் விற்பவரும் பேசி எழுதிக்கொண்ட ஆறு மாதக் கெடுவை அவை ஒரு நாள்கூட நீட்டவில்லை. இந்த நம்பிக்கையில் சும்மா இருந்து கெடுவைத் தவறவிட்டவர்களை இந்த ஒரு வருடத்தில் நிறையப் பார்த்துவிட்டேன், உங்களுக்கும் அது நடக்கக் கூடாது.

அதற்காகக் காரைக்குடிக்காரர் சொல்வது சரியென்று ஆகிவிடாது. நிலம், வீடு விற்பனையில் குறித்த தேதி தாண்டியதாலேயே ஒப்பந்தம் செத்துவிடும் என்று நீதிமன்றங்கள் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை, ஒப்பந்தத்தின் வாசகமும் இரு தரப்பும் நடந்துகொண்ட விதமும் வேறு மாதிரி காட்டினால் தவிர. இங்கே தாமதம் யாரால்? ஈப்போக்காரர் பவர் வராமல் கிரயம் பதிய முடியாது, அதைக் கொண்டுவர வேண்டியது விற்பவர் தரப்பு. தன் பக்கத் தாமதத்தைக் காட்டி உங்கள் முன்பணத்தை அவர் எடுத்துக்கொள்ள முடியாது. "கொரோனா வந்துவிட்டது, அதனால் ஒப்பந்தமே செல்லாது" என்று நாளை ஆரம்பித்தாலும் நிற்காது. நீங்கள் எழுதியது 2021 ஜனவரியில், நோய் வந்து கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து, தெரிந்தே எழுதியது. (இதே காரணத்தை நீங்களும் சொல்ல முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.)

சரி, இப்போது உங்கள் பலவீனம். ஏற்றது செய் வழக்கு, அதாவது ஒப்பந்தப்படி கிரயம் செய்து தரச் சொல்லும் வழக்கு, எதில் நிற்கும் என்றால், ஆரம்பத்திலிருந்து நீங்கள் பணத்தோடு தயாராகவும் விருப்பமாகவும் இருந்தீர்கள் என்பதில்தான். குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 16(சி) பிரிவு அதைத்தான் கேட்கிறது. வீடியோ காலில் பேசியதும் வாட்ஸ்அப்பில் "ரெடிண்ணே" என்று போட்டதும் போதாது. பாக்கித் தொகை கணக்கில் இருப்பதைக் காட்டும் வங்கி ஸ்டேட்மென்ட் அல்லது கடன் ஒப்புதல் கடிதம், இரண்டில் ஒன்று 17-ஆம் தேதிக்கு முன் தேதியிட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். இதை எழுதும்போது ஜூலை 7, இன்னும் பத்து நாள் இருக்கிறது.

பதியாத அக்ரிமென்ட் பற்றி: தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிய வேண்டும். நீங்கள் பதியாதது தவறு. ஆனாலும் பதிவுச் சட்டத்தின் 49-ஆம் பிரிவில் உள்ள விதிவிலக்கைக் காட்டி, ஏற்றது செய் வழக்கில் அதைச் சான்றாகக் கொண்டுவர வாதாடலாம். அந்த வாதத்துக்கே போகாமல் இருப்பது நல்லது. 2021 ஜூனில், வழக்கமாகத் தரும் டோக்கனில் பாதியோடு பதிவு அலுவலகங்கள் திறந்துவிட்டன, ஆகவே புதுக் கெடுவோடு மறு ஒப்பந்தம் எழுதிப் பதியச் சொல்லிக் கேளுங்கள்.

ஈப்போக்காரர் கோலாலம்பூரில் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்குப் போக முடியவில்லை என்பார்கள், 2021 ஜூன் 1 முதல் அங்கே முழு ஊரடங்கு, உண்மைதான். ஆனால் பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு தூதரகத்தை மட்டும் சொல்லவில்லை, நோட்டரி முன்பு எழுதிச் சான்று பெற்ற பவரும் செல்லும். ஈப்போவிலேயே முடித்துக் கூரியரில் அனுப்பலாம். இங்கே வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், அப்புறம் கிரயத்தின்போது பவர் கொடுத்தவரின் உயிர்வாழ் சான்றும் கேட்பார்கள். "இரண்டு பேர் பங்கை இப்போது வாங்கிக்கொள்ளுங்கள், மூன்றாவதைப் பிறகு பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளவே வேண்டாம். பிரிக்காத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாளுக்கு, சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவுப்படி, கூட உட்கார்ந்து அனுபவிக்கும் உரிமை கிடையாது.

இன்னொன்று, மூன்று பங்காளி என்கிறீர்களே, கூடப் பிறந்த பெண்கள் எத்தனை பேர்? நம் பக்கம் "சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சு" என்று சொல்லி ஆச்சிமார் பெயரையே எழுத மாட்டார்கள். 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட், மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டு, இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்ட 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பத்திரம் இருந்தால் கதை வேறு. வாரிசுச் சான்றைப் பார்க்காமல் அடுத்த ரூபாய் கொடுக்க வேண்டாம்.

நிலைக்கதவு விஷயம் எனக்கு மனசு ஆறவில்லை. போன மாதம் வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்காகத் தேவகோட்டையில் ஒரு வீட்டைச் சுற்றிக் காட்டினேன். ஒரு கையில் போன், ஒரு கையில் டார்ச். வளவுத் தூண்களை எண்ணி, ஒவ்வொன்றின் அடியிலும் போனைக் கொண்டுபோய்க் காட்டி, மேலே உத்தரத்தில் ஏறியிருந்த கரையான் மண்ணையும் காட்டி, முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை உள்ள கதவு, ஜன்னல், தூண் எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு சொத்து விவரத்தில் எழுதினேன். உங்கள் அக்ரிமென்டில் அப்படி எழுதவில்லை என்றாலும் பரவாயில்லை. வீடு என்றால் அதன் பூட்டு, சாவி, கதவு, ஜன்னல், நிரந்தரமாகப் பொருத்திய எல்லாமும் சேர்த்துத்தான் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவும், ஒப்பந்தம் போட்ட பிறகு சொத்தை ஒப்படைக்கும் வரை விற்பவர் கவனமாகப் பாதுகாக்க வேண்டும் என்று 55-ஆம் பிரிவும் சொல்கின்றன. பழைய வீடியோ அழைப்பை எடுத்து வைத்திருந்தால், ஸ்கிரீன்ஷாட்டாவது இருந்தால், அதை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். தகரம் அடித்த படமும் வேண்டும்.

நீங்கள் மூவருக்கும் அனுப்ப வேண்டிய நோட்டீஸில் இவ்வளவும் வரட்டும்: பணம் தயார், கிரயத்துக்குத் தயார், பவர் கொண்டுவர வேண்டியது உங்கள் பொறுப்பு, கதவைத் திருப்பி வை அல்லது விலையில் கழி, மேற்கொண்டு எதையும் பெயர்க்காதே. ரொக்கம் 2 லட்சத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். சொத்து முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம், அபராதம் வாங்கினவருக்கு, அதனால் அவர் மறுக்கப் பார்ப்பார். பெயர்ப்பது தொடர்ந்தால் நோட்டீஸுக்குப் பதில் வரும்வரை காத்திருக்காமல் இடைக்காலத் தடை கேட்டு வழக்குப் போடலாம். அந்த வழக்கில் கிரயம் கிடைக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற மாற்றுப் பரிகாரத்தையும் கட்டாயம் கேளுங்கள், கேட்காவிட்டால் நீதிமன்றம் தானாகத் தராது.

நாளை காலை தபால் அலுவலகம் திறந்ததும் மூன்று பேருக்கும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் போய்விட வேண்டும், வெளிநாட்டுக்காரர்களுக்கு ஈமெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் அதே நகல் போகட்டும்.