வெளியில் தட்டைக் கல்லில் சுடும் ஸ்டேக் ஏன் அவிந்து, ரப்பர் மாதிரி வருகிறது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வளவில் தட்டையான இரும்புக் கல் வைத்து மாட்டிறைச்சி ஸ்டேக் சுடுகிறீர்கள். மேலே பொன்னிறம் பிடிக்காமல் சாம்பல் நிறமாக அவிந்து போகிறது, கடித்தால் இழுக்கிறது, என்ன பிழை என்று. இதில் இரண்டு வேறு பிழைகள் இருக்கின்றன. நிறம் பிடிக்காததற்குக் காரணம் தண்ணீர். இழுப்பதற்குக் காரணம் மாடு. தண்ணீர்க் கதையைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் அதில் நானே நன்றாக அடிபட்டிருக்கிறேன்.

அறுகம்குடாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இரண்டு சீசன் வேலை செய்தேன். அங்கே இருந்தது ஒரே ஒரு பெரிய கல். பகலில் முட்டை, ரொட்டி; இரவில் கொத்து ரொட்டி; இடையில் சேர்ஃபிங் முடித்துப் பசியோடு வரும் வெள்ளைக்காரர்களுக்கு ஸ்டேக். ஒருநாள் கொத்துப் போட்டு முடித்த கல்லில் தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிட்டு, அந்தச் சூட்டிலேயே நான்கு துண்டு இறைச்சியை வரிசையாக வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நான்கைச் சுற்றியும் சிவந்த தண்ணீர் தேங்கிக் கொப்புளித்தது. பெரிய சமையல்காரர் வந்து பார்த்தார். "டேய், நீ இறைச்சி சுடல்ல, கஞ்சி காய்ச்சுறாய்" என்றார். இரண்டு தட்டு திரும்பி வந்தது. அன்று இரவு எங்கள் சாப்பாடு அதுதான்.

தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். இறைச்சியின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 பாகைக்கு மேல் ஏறாது. பொன்னிறமும் அந்த வாசமும் வருவதற்கு ஏறத்தாழ 140 பாகையாவது வேண்டும். அதோடு, கொதித்த தண்ணீரை ஆவியாக்கப் போகும் வெப்பம், அதே தண்ணீரைப் பனிக்கட்டிக் குளிரிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பத்தைப்போல ஐந்து மடங்குக்கு மேல். உங்கள் கல் சேர்த்து வைத்த சூட்டையெல்லாம் இந்த ஈரம்தான் குடித்துவிடுகிறது. கம்பி வலையில் சுட்டால் தண்ணீர் கீழே ஒழுகிப் போகும். கல்லில் போக வழியில்லை, இறைச்சிக்கு அடியிலேயே நிற்கும். அதனால்தான் வலையில் தப்பிய பிழை கல்லில் மாட்டிக்கொள்கிறது. சரியாகச் செய்தால், இறைச்சி முழுவதும் இரும்போடு ஒட்டியிருப்பதால் ஒரு மூலைகூட விடாமல் சீராக நிறம் பிடிக்கும். புகை வாசம் மட்டும் வராது. அதற்கு ஆசைப்பட்டால் சிரட்டைக் கரியில் வலை போட்டுச் சுடுங்கள், கல்லைக் குறை சொல்ல வேண்டாம்.

நம் வீடுகளில் இறைச்சியைக் கழுவாமல் அடுப்பில் ஏற்றுவது பெரிய குற்றம். கழுவித்தான் ஆகவேண்டும் என்றால் கழுவுங்கள், ஆனால் சமைக்கிற நாளில் அல்ல. முதல்நாளே கழுவி, துணியால் ஒற்றித் துடைத்து, ஒரு கம்பித் தட்டில் மூடாமல் பிரிட்ஜின் அடித்தட்டில் வைத்துவிடுங்கள். மறுநாள் மேற்பரப்பு தொட்டால் ஒட்டுகிற மாதிரி காய்ந்திருக்கும். அதுதான் வேண்டும். உப்பை முதல்நாள் தடவலாம், அல்லது கல்லில் போடுவதற்குச் சற்றுமுன் தடவலாம். பத்து நிமிடம், கால்மணி முன்பு தடவுவதுதான் மோசம்: உப்பு இறைச்சிக்குள்ளிருக்கும் தண்ணீரை வெளியே இழுத்திருக்கும், அது திரும்ப உள்ளே போக இன்னும் நேரம் வந்திருக்காது. குறைந்தது 40 நிமிடமாவது விட்டால்தான் போகும். மிளகு கருகும், அதைக் கடைசியில் தூவுங்கள்.

இனிக் கல். எங்கள் வீடு மட்டக்களப்பில், கல்லடி என்ற ஊரில். அம்மா மாட்டிறைச்சி தொடமாட்டார், எங்கள் அடுப்பில் அது ஏறியதும் இல்லை. நான் வெளியில் சுடுவதற்கு ஸ்டைல் ஒன்றும் காரணம் இல்லை, இதுதான் காரணம். "கல்லும் கத்தியும் வீட்டுக்குள்ள வரப்படாது மனே" என்ற நிபந்தனையோடு மாமரத்தடியை விட்டுக்கொடுத்தார். முதலில் வாங்கியது 3 மில்லிமீற்றர்த் தகடு. சூடானதும் நடுவில் குழிந்து எண்ணெய் எல்லாம் அங்கே ஓடியது, இறைச்சி வைத்ததும் சூடு விழுந்துவிட்டது. பிறகு வெல்டிங் கடையில் போய்க் கொத்துக்கடைக் கல் மாதிரி ஒன்று கேட்டேன். 10 மில்லிமீற்றர் இரும்பு, 2 அடிக்கு ஒன்றரை அடி, மூன்று பக்கம் விளிம்பு. விளிம்பு இல்லாமலே ஏறத்தாழ 22 கிலோ. தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும், ஆனால் குளிர்ந்த இறைச்சி விழுந்தாலும் அசையாது. நீங்களும் செய்விப்பதானால் கறுப்பு இரும்பாகக் கேளுங்கள். துருப்பிடிக்காமல் நாகம் பூசிய தகட்டைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது, அதிக சூட்டில் வரும் புகை உடம்புக்குக் கேடு.

புதுக்கல்லைத் தோசைக்கல் பழக்குவது போலத்தான் பழக்க வேண்டும். தேய்த்துக் கழுவி, காயவைத்து, எண்ணெயை மெல்லிசாகப் பூசித் துடைத்து, புகை வந்து அடங்கும்வரை சூடாக்கி, இதையே நான்கைந்து தடவை. அம்மா ஒருநாள் எட்டிநின்று கறுத்து மினுங்கும் கல்லைப் பார்த்து, "ரொட்டி சுட நல்ல கல்லு" என்றார். அதோடு சரி.

கேஸில் சுடுபவர்களுக்கு மட்டக்களப்பில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கச்சான். ஆனி, ஆடியில் பகல் முழுக்க அந்தச் சுடுகாற்று அடிக்கும்போது சுவாலை கல்லுக்கு அடியில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். மேலே நிற்கும் நமக்கு வியர்த்து வழியும், கல் காய்ந்திருக்காது. அடுப்பின் காற்றுப் பக்கம் தகரம் நிறுத்தி மறையுங்கள், ஆனால் சிலிண்டரை அந்த மறைப்புக்குள் விட வேண்டாம், குழாய் எட்டும் தூரத்துக்குத் தள்ளி வையுங்கள். 2022 இல் கேஸ் கிடைக்காத மாதங்களில் மூன்று கல் கூட்டி விறகில்தான் சுட்டேன். உண்மையைச் சொன்னால் அது இன்னும் நன்றாக இருந்தது, கல்லின் ஒரு பக்கம் தணலை ஒதுக்கிவிட்டால் மற்றப் பக்கம் தானாகவே மிதமான சூடாக இருக்கும்.

கல் காய்ந்ததா என்று பார்க்கத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சீறி அங்கேயே வற்றினால் இன்னும் பொறுங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடினால் 200 பாகை தாண்டிவிட்டது. 10 மில்லிமீற்றர்க் கல்லுக்கு இதற்குக் கால்மணி, இருபது நிமிடம் பிடிக்கும். எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் இறைச்சியில் தடவுங்கள். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் வாசம் அருமைதான், ஆனால் இந்தச் சூட்டுக்கு முன்பே புகைந்து கசந்துவிடும். சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் தாங்கும். பட்டரும் உள்ளியும் கல்லின் மிதமான பக்கத்தில், கடைசி ஒரு நிமிடம்.

வைக்கும்போது துண்டுகளுக்கிடையே நான்கு விரல் இடம் விடுங்கள். ஒரு இஞ்சித் தடிப்புத் துண்டை நிமிடத்துக்கு ஒரு தடவை புரட்டுகிறேன், மொத்தம் ஏழெட்டு நிமிடம். ஒரே ஒரு தடவைதான் புரட்ட வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அடிக்கடி புரட்டினால் உள்ளே சீராக வேகும், நேரமும் குறையும், இதைச் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன். புரட்டும்போது அதே இடத்தில் திருப்பி வைக்காமல், பக்கத்தில் சூடாகக் காத்திருக்கும் இடத்தில் வையுங்கள்.

அப்புறம் மாடு. வீடியோவில் காட்டுகிற ஸ்டேக் தானியம் தின்று கொழுத்த மாடு, சதைக்குள் வெள்ளை நரம்பு மாதிரிக் கொழுப்பு ஓடும், வாரக்கணக்கில் குளிரில் பழுக்க வைத்திருப்பார்கள். நம் ஊர் மாடு வயலிலும் கரைச்சியிலும் நடந்து புல் தின்ற மாடு. சதையில் கொழுப்பு குறைவு, வயது கூட. விடியற்காலையில் அறுத்ததைப் பத்து மணிக்கு வாங்கிப் பகல் சுடுகிறோம். அறுத்த சில மணி நேரத்தில் சதை விறைக்கும், அந்த விறைப்பு இளக ஒருநாளுக்கு மேல் எடுக்கும். கறியென்றால் ஒரு மணி நேரம் கொதித்துத் தப்பிவிடும். எட்டு நிமிட ஸ்டேக் தப்பாது. வாங்கி இரண்டு நாள் பிரிட்ஜில் வைத்துவிட்டுச் சுடுங்கள். மேலே சொன்ன காயவைக்கும் வேலையும் அதிலேயே முடிந்துவிடும்.

கேட்க வேண்டியது அண்டர்கட். முதுகெலும்பின் உட்பக்கத்தில் ஒட்டி நீளமாகக் கிடக்கும் சதை, மாடு அதிகம் வேலை வாங்காத இடம். ஒரு மாட்டில் இரண்டுதான் இருக்கும், அதனால் காத்தான்குடியில் நான் வாங்கும் கடை நானாவிடம் முந்தினநாளே சொல்லி வைப்பேன். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை தினத்தில் இறைச்சிக் கடை திறக்காது, சனி ஞாயிறை ஒட்டிப் போயா வந்தால் வியாழனே வாங்கிவிடுங்கள். அண்டர்கட் கிடைக்காமல் பின்தொடை கிடைத்தால், பச்சைப் பப்பாசியை அரைத்து அரைமணி நேரம் தடவி, வழித்துத் துடைத்துவிட்டுச் சுடலாம். இரவு முழுக்க ஊறவிட்டால் மேல்சதை கூழாகிவிடும். எந்தத் துண்டானாலும் சாப்பிடும்போது நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டுங்கள். பாதி இழுவை அதிலேயே போய்விடும்.

உள்ளே எவ்வளவு சிவப்பு இருக்கலாம் என்பதையும் கேட்டிருந்தீர்கள். உள்ளே 55 பாகை வந்தாலே போதும் என்று வெளிநாட்டுக்காரர் எடுத்துவிடுவார்கள். திறந்த கடையில் தொங்கிய இறைச்சிக்கு நான் 63 பாகை வரை விட்டு, இறக்கி மூன்று நான்கு நிமிடம் ஆறவிடுவேன். நடுவில் இளஞ்சிவப்பு இருக்கும், சாறும் இருக்கும். வடிகிற சிவப்புத் தண்ணீர் இரத்தம் அல்ல, சதையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். வீட்டில் யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லிப் பாருங்கள், என் வீட்டில் பலிக்கவில்லை. கொத்திய இறைச்சியில் பேர்கர் செய்தால் இந்தச் சலுகை கிடையாது, முழுக்க வேக வேண்டும், 71 பாகை.

இறைச்சி ஆறும் நேரத்தில் கல் சும்மா இருக்க வேண்டாம். அந்தக் கொழுப்பிலேயே பாணைப் பிளந்து வைத்து வாட்டுங்கள், கட்டச்சம்பலோடு நான் சாப்பிடுவது அப்படித்தான். பிறகு கல் சூடாக இருக்கும்போதே சுரண்டித் துடைத்து, எண்ணெய் பூசிவிடுங்கள். நீங்கள் கடலோரமாக இருந்தால் இதை ஒருநாள் விட்டாலும் உப்புக்காற்று மறுநாள் செம்மண் நிறத்தில் கணக்குக் காட்டும். மாரியில் என் கல் சாக்குக்குள் சுற்றி விறாந்தை மூலையில் கிடக்கும். மழை விட்டதும் துருவைச் சுரண்டி, திரும்பவும் பழக்கி, முதலில் இரண்டு கைப்பிடி வெங்காயத்தை வதக்கிக் கொட்டிவிட்டுத்தான் இறைச்சி வைப்பேன்.