ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ மல்லி

கேள்வி: கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் சின்னச் சின்ன சந்தோஷங்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது?

நேரம் இல்லைதான். உங்கள் வீட்டிலும் ஒருவர் உள்ளே வரும்போது இன்னொருவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. என் மனைவி ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நான் பைபாஸ் ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நிற்கிறேன். எட்டாவது படிக்கும் மகள், மூட்டுவலியோடு அம்மா. வீடு மதுரை புதூரில்.

எங்கள் வீட்டில் நேரத்தை நாங்கள் ஒதுக்குவதில்லை, மல்லிகைதான் ஒதுக்க வைக்கிறது. ஞாயிறு காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் உதிரியாகக் கால் கிலோ மொட்டு வாங்கி வருவேன். விடியற்காலையில் பறித்த மொட்டு சாயங்காலம் விரிய ஆரம்பித்துவிடும். விரிந்துவிட்டால் கட்டுவது பெரும்பாடு. அதனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்தே ஆக வேண்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது.

கட்டுவது நான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆம்பளை பூக் கட்டுவதா என்று என் மச்சினனே கேட்டிருக்கிறான். மார்க்கெட்டிலும் கோவில் வாசல் கடைகளிலும் மாலை கட்டுகிறவர்களில் பாதிப்பேர் ஆண்கள்தான். காசுக்குக் கட்டினால் தொழில், வீட்டில் கட்டினால் கேலியா? அம்மாவுக்கு விரல் மடங்காமல் போன பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் பழகியது இது. வாழைநாரை நனைத்து மெல்லிசாகக் கிழித்து, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று காம்பைக் குறுக்கே வைத்துச் சுருக்குப் போட வேண்டும். மதுரை மல்லிக்குக் காம்பு நீளம், இதழ் தடிப்பு, அதனால் சுருக்கு நன்றாகப் பிடிக்கும். 2013-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. "இறுக்கிக் கட்டுய்யா, நழுவுது பாரு" என்பதோடு சரி.

மகள் மொட்டை நான்கு நான்காக எடுத்து வைப்பாள். கை ஈரமாக இருப்பதால் யாரும் போனைத் தொட முடியாது. வாரம் முழுக்க "ம்", "இல்ல" என்று பதில் சொல்கிற பிள்ளை அப்போதுதான் வாயைத் திறப்பாள். கணக்கு டீச்சர் யாரைத் திட்டினார், யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் வரும். என் மனைவி நைட் டூட்டி முடித்துத் தூங்குகிற நாளாக இருந்தால் எழுந்து வந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு, பாதிக் கதையிலிருந்து கேட்பாள். டூட்டியில் பூ வைக்கக் கூடாது. அதனால் அவளுக்கு லீவாக அமைகிற ஞாயிறு என்றால் எங்கள் வீட்டில் தனி மவுசு. (அந்த லீவும் சனிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் மாறிவிடும். அது வேறு வயிற்றெரிச்சல்.)

கட்டி முடித்ததும் முதல் முழம் எதிர்வீட்டு அக்காவுக்கு. நாங்கள் இரண்டு பேரும் வர லேட்டாகிற நாளில் மகள் அவர்கள் வீட்டில்தான் இருப்பாள், சாப்பாடும் ஆகிவிடும். வாயால் நன்றி சொன்னால் "என்ன தம்பி, அந்நியமா பேசுற" என்று கோபித்துக்கொள்வார். பூவை மறுக்காமல் வாங்கிக்கொள்வார். "நன்றியுணர்வை நோட்டில் எழுதுங்கள்" என்று இதே கேள்விக்கு ஒருவர் எழுதியிருக்கிறார். எழுதுங்கள், தப்பில்லை. என் நன்றிக்கு ஆள் எதிர்வீட்டில் இருக்கும்போது எனக்கு நோட்டு எதற்கு என்று புரியவில்லை.

காசு மிச்சம் பிடிக்கத்தானே உதிரி வாங்குகிறாய் என்று கேட்டால், ஆமாம், அதுவும்தான். பங்குனி, சித்திரையில் பூ வரத்து அதிகம், கிலோ சில நூறு ரூபாய்க்கு இறங்கும். மார்கழி, தையில் பனியால் மொட்டு அதிகம் வராது. முகூர்த்தமும் சேர்ந்தால் கிலோ மூவாயிரத்தைத் தாண்டிய வருடங்கள் உண்டு. அப்போது நூறு கிராமோடு நிறுத்திக்கொள்வோம்.

முகூர்த்தம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். தை, ஆவணி வந்தால் ஞாயிற்றுக்கிழமை நம் கையில் இல்லை. கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, ஒரே நாளில் மூன்று பத்திரிகை. முன்பு நோட்டில் எழுதுவார்கள், இப்போது கம்ப்யூட்டர் வைத்து மொய்க்கு ரசீது அடித்துக் கையில் கொடுக்கிறார்கள். நாம் செய்தது திரும்பி வரும் என்பது சரி. எப்போது வரும்? மகளுக்குச் சடங்கு வைத்தால் வரும். இந்தக் காலத்தில் அதெல்லாம் வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்ததற்கு, "அப்ப போட்ட மொய்யெல்லாம்?" என்று என் பெரியப்பா மகன் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார். பந்தியில் பேச நேரமில்லை, மொய் எழுத வரிசை மட்டும் வாசல் வரை. சொந்தக்காரர்களை வெறுக்கிறான் என்று யாரும் கமெண்டில் வராதீர்கள். எனக்கு என் ஞாயிறு வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் ஊரில் உதிரிப்பூ கிடைத்தால் காலையிலேயே வாங்கி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், மதியம் வரை தாங்கும். பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடாதீர்கள், வெந்துவிடும். நார் கிடைக்காவிட்டால் நூல் போதும். முதல் சில வாரம் பூ உதிரத்தான் செய்யும், அதைச் சாமி படத்துக்குப் போட்டுவிடலாம்.