பெர்னி சாண்டர்ஸ் கொள்கை மாறினாரா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (கோவில்பட்டி வாசகர்): 2016-ல் ஹிலரி கிளின்டனையும் 2020-ல் ஜோ பைடனையும் எதிர்த்துப் போட்டியிட்டுவிட்டு, கடைசியில் இருவரையும் ஆதரித்தவர்தானே அமெரிக்க செனட்டர் பெர்னி சாண்டர்ஸ்? அவரை இன்னும் கொள்கைவாதி என்று எப்படிச் சொல்ல முடியும்?

பதில்: அவர் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளிலேயே பலம் குறைந்தது இதுதான். ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் 2015-ல் இறங்கும்போதே, தோற்றால் தனியாக நின்று ஓட்டைப் பிரிக்க மாட்டேன், ஜெயித்தவரை ஆதரிப்பேன் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். 2016 ஜூலை 12-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கிளின்டனோடு மேடையேறியது அந்தச் சொல்லைக் காப்பாற்றியதுதான். அதற்குள் கட்சியின் கொள்கை அறிக்கையில் மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலியைச் சேர்க்கவும் வைத்துவிட்டார். 2020-லும் ஏப்ரல் 8-ல் விலகி, 13-ல் பைடனை ஆதரித்தார்.

கூட்டு வைப்பது அவருக்குப் புதிதும் அல்ல. 1981-ல் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகர மேயராக 10 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தபோதே அவர் சுயேச்சை. 1991-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குப் போனது முதல், கட்சியில் சேராமலே ஜனநாயகக் கட்சியினரோடு அமர்கிறார். அங்கே கமிட்டி இடங்களைக் கட்சிகள்தான் பங்கிடுகின்றன. தனியாக நிற்பவருக்குப் பேச நேரம் கிடைக்கும், அதிகாரம் கிடைக்காது. 2023-ல் மேலவையான செனட்டின் சுகாதாரம், கல்வி, தொழிலாளர் கமிட்டித் தலைவரானதால்தான் மருந்து கம்பெனிகளின் தலைவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்க முடிந்தது. 2024-ல் மூன்று பெரிய கம்பெனிகள் ஆஸ்துமா இன்ஹேலருக்கு நோயாளி கையிலிருந்து கொடுக்கும் தொகையை மாதம் 35 டாலருக்குள் நிறுத்தின. அதில் அந்த நெருக்கடிக்குப் பெரிய பங்கு உண்டு.

கேள்வி (திருச்சி வாசகர்): பேச்சை விடுங்கள். அவர் எப்படி ஓட்டுப் போட்டார் என்று நாமே பார்க்க வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. நம் ஊர் எம்.பி.க்கு இதைச் செய்வது கடினம். 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறினால் பதவி போகலாம். எனவே இங்கே ஓட்டு பெரும்பாலும் கட்சியின் ஓட்டு. அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. சாண்டர்ஸ் போட்ட ஒவ்வொரு ஓட்டுக்கும் சாண்டர்ஸ்தான் பொறுப்பு.

செனட்டின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஓட்டுப் பதிவுகள் கிடைக்கும். காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) எண், கூட்டத்தொடர், ஓட்டு எண் என்ற வரிசையில் தேட வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு காங்கிரஸ். 2021, 2022 சேர்ந்தது 117-வது. சாண்டர்ஸ் செனட்டுக்கு வந்தது 2007 ஜனவரியில். அதற்கு முந்தைய 16 வருட ஓட்டுகள் பிரதிநிதிகள் சபைப் பதிவில்தான் இருக்கும். பலர் செனட் பதிவை மட்டும் பார்த்துவிட்டு, இராக் போருக்கு எதிராக 2002-ல் அவர் போட்ட ஓட்டே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பதிவு கிடைத்ததும் ‘ஆம்’, ‘இல்லை’க்குத் தாவாதீர்கள். எதன் மீது ஓட்டு என்ற வரியை முதலில் படியுங்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் நடக்கின்றன. 2024 ஜனவரி 16-ல், காஸாவில் அமெரிக்க ஆயுதம் எப்படிப் பயன்படுகிறது என்று வெளியுறவுத் துறையிடம் அறிக்கை கேட்கும் தீர்மானத்தைச் சாண்டர்ஸ் கொண்டுவந்தார். முடிவு 72 ஆம், 11 இல்லை. ஓட்டெடுப்பு நடந்தது தீர்மானத்தை ஓரங்கட்டும் கோரிக்கை மீது. எனவே அந்த 11 ‘இல்லை’தான் அவர் பக்கம்.

அடுத்து, விவாதத்தை முடிப்பதற்கான ஓட்டையும் மசோதாவை நிறைவேற்றும் ஓட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவதற்குச் செனட்டில் பொதுவாக 60 பேர் வேண்டும், இரண்டாவதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும்.

மசோதாவுக்குள் என்னென்ன கட்டப்பட்டிருக்கின்றன என்பதையும் பாருங்கள். 1994 குற்றத் தடுப்பு மசோதாவுக்கு அவர் ‘ஆம்’ என்றார். சிறைகளை நிரப்பிய சட்டம் என்று இன்று அதைத் திட்டுகிறார்கள், நியாயமாகவே. ஆனால் பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டமும், தாக்குதல் ரகத் துப்பாக்கிகளுக்கான 10 வருடத் தடையும் அதே மசோதாவில்தான் இருந்தன. கடும் தண்டனைகளை எதிர்த்துப் பேசிவிட்டு, இவற்றுக்காக ஓட்டுப் போட்டார். சரியா தவறா என்று தாராளமாக வாதாடலாம். மசோதாவில் பாதியை மட்டும் காட்டி வாதாடக் கூடாது.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): 15 டாலர் கூலி வெளியே போன பிறகும் 2021 கொரோனா நிவாரண மசோதாவை ஆதரித்தாரே. அதை நிறுத்தியிருந்தால் பைடன் பணிந்திருப்பார் அல்லவா?

பதில்: கணக்கைப் பார்ப்போம். 60 ஓட்டு கிடைக்காது என்பதால் மசோதாவை பட்ஜெட் வழியில், சாதாரணப் பெரும்பான்மையில் கொண்டுபோனார்கள். அந்த வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொரு பிரிவும் அரசின் வரவு செலவை நேரடியாகத் தொட வேண்டும், பக்க விளைவாகத் தொட்டால் போதாது. கூலி உயர்வு அதில் அடங்காது என்று செனட்டின் விதிமுறை அதிகாரி பிப்ரவரி 25-ல் சொல்லிவிட்டார். மார்ச் 5-ல் சாண்டர்ஸ் அந்த விதியைத் தளர்த்தக் கோரி ஓட்டெடுப்புக்கு விட்டார். 42–58. தன் அணியிலேயே 8 பேர் எதிர்த்தார்கள். விதிமுறை அதிகாரியின் முடிவை, செனட்டுக்குத் தலைமை வகிக்கும் துணை ஜனாதிபதி ஒதுக்கித் தள்ளியிருந்தாலும், அந்த 8 பேரை வைத்துக்கொண்டு 50 வந்திருக்காது.

மறுநாள் மசோதா 50–49-ல் நிறைவேறியது. சாண்டர்ஸ் மட்டும் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தால் 49–50, மசோதா காலி. தலைக்கு 1,400 டாலர் உதவியும், குழந்தைக்கு 3,000 முதல் 3,600 டாலர் வரை உயர்ந்த வரிச் சலுகையும் அதோடு போயிருக்கும். எதிர்த்த 8 பேரில் ஒருவர்கூட அதனால் மனம் மாறியிருக்கப் போவதில்லை. மிரட்டல் பலிக்க வேண்டுமானால், எதிராளிக்கு மசோதா நம்மைவிட அதிகமாகத் தேவைப்பட வேண்டும். இங்கே அதிகமாகத் தேவைப்பட்டது சாண்டர்ஸ் யாருக்காகப் பேசுகிறாரோ அந்த ஏழைகளுக்குத்தான். இந்த ஓட்டை நான் முழுமையாக ஆதரிக்கிறேன்.

கேள்வி (கோவை வாசகர்): கோடீஸ்வரர்களைத் திட்டுபவருக்கு மூன்று வீடு எதற்கு?

பதில்: 2016, 2017-ல் அவர் வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டியது, பெரும்பகுதி புத்தக வருவாய். 10 வருட வரிக் கணக்கை 2019 ஏப்ரலில் வெளியிட்டார். பணம் வந்த பிறகு வரிக் கொள்கை தளர்ந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. தளரவில்லை, இறுகியது: 2019-ல் அவர் முன்வைத்த சொத்து வரி, தம்பதிக்கு 3.2 கோடி டாலருக்கு மேல் 1 சதவீதத்தில் தொடங்கி, 1,000 கோடி டாலருக்கு மேல் 8 சதவீதம் வரை போனது.

கேள்வி (சென்னை வாசகர்): காஸா விஷயத்தில் முதலில் தயங்கினார், பிறகு இனப்படுகொலை என்றார். இது கொள்கையா, காற்றடிக்கும் பக்கம் சாய்வதா?

பதில்: தயங்கினார். அதை மறைக்க முடியாது. 2023 நவம்பரில், ஹமாஸ் இருக்கும்போது நிரந்தரப் போர் நிறுத்தம் எப்படிச் சாத்தியம் என்று தொலைக்காட்சியில் கேட்டார். அவருக்காகப் பிரசாரத்தில் உழைத்த முன்னாள் ஊழியர்களே போர் நிறுத்தம் கேட்கச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். இனப்படுகொலை என்று அவர் வெளிப்படையாக எழுதியது 2025 செப்டம்பரில்தான்.

ஆனால் காற்றுக்குச் சாய்ந்தார் என்பதைப் பதிவு மறுக்கிறது. ஆயுத ஏற்றுமதிச் சட்டப்படி, ஒரு விற்பனையைத் தடுக்கும் தீர்மானத்தை ஒரே ஒரு செனட்டர்கூடக் கமிட்டியிலிருந்து வெளியே இழுத்து ஓட்டுக்கு விடலாம். கட்சித் தலைமையின் சம்மதம் தேவையில்லை. 2024 நவம்பரில் இஸ்ரேலுக்கான ஆயுத விற்பனையைத் தடுக்க இந்த வழியைப் பிடித்தார், அதுவும் தான் ஆதரித்த பைடன் பதவியில் இருக்கும்போதே. கிடைத்தது அதிகபட்சம் 19 ஓட்டு. 2025 ஏப்ரலில் 15. ஜூலையில் 27. நிறைவேறாது என்று தெரிந்தேதான் செய்தார். நிறைவேறினாலும் ஜனாதிபதி ரத்து செய்தால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இதன் பலன் வேறு: ஒவ்வொரு செனட்டரும் பெயரைப் பதிய வேண்டியதாகிறது.

இதைவிட என்னை உறுத்துவது ஏமன். சவூதி கூட்டணியின் போருக்கு அமெரிக்க உதவியை நிறுத்தும் தீர்மானத்தைக் குடியரசுக் கட்சியின் மைக் லீயோடு சேர்ந்து 2018 டிசம்பரில் 56–41-ல் செனட்டில் நிறைவேற்றிக் காட்டியவர் அவர். 2019-ல் இரு அவையும் நிறைவேற்றின, டிரம்ப் ரத்து செய்தார். அதே போன்ற தீர்மானத்தை 2022 டிசம்பரில் பைடன் அரசு எதிர்த்தபோது, ஓட்டுக்கு விடாமல் திரும்பப் பெற்றுக்கொண்டார். அப்போது சண்டை தணிந்திருந்தது, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது என்பது உண்மை. இருந்தாலும், போருக்கு அனுமதி தரும் உரிமை காங்கிரசுக்குத்தான் என்பதுதானே அவர் வாதம்? வெள்ளை மாளிகையில் யார் இருந்தாலும் அது பொருந்தும். ஓட்டுக்கு விட்டிருக்க வேண்டும்.

கேள்வி (சேலம் வாசகர்): அப்படியானால் அவர் உண்மையிலேயே வளைந்த இடம் எது?

பதில்: சொந்த மாநிலம். வெர்மான்ட் கிராமப்புறம் நிறைந்தது, வேட்டை பரவலானது. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும் பிரேடி மசோதாவை 1993-ல் எதிர்த்தார். துப்பாக்கிக் கம்பெனிகளை வழக்கிலிருந்து காக்கும் 2005 சட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். பெரிய கம்பெனிகளைக் கோர்ட்டில் பதில் சொல்ல வைக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பேசியவரிடமிருந்து வந்த ஓட்டு இது. 2016-ல் கிளின்டன் இதைப் பிடித்துக்கொண்ட பிறகுதான், அந்தச் சட்டத்தை நீக்குவதற்கு ஆதரவளித்தார்.

இன்னொன்று எஃப்-35 போர் விமானம். அதன் செலவை வீண் என்று கண்டித்தவர், ராணுவ பட்ஜெட்டைப் பலமுறை எதிர்த்தவர். ஆனால் அந்த விமானத்தைப் பர்லிங்டனுக்குக் கொண்டுவருவதை ஆதரித்தார். எங்காவது நிறுத்தத்தான் போகிறார்கள், வெர்மான்டில் நிறுத்தினால் இங்கே வேலை நிலைக்கும் என்பது வாதம். ஒவ்வொரு மாநிலத்துச் செனட்டரும் இதையே சொல்லித்தான் அந்தப் பட்ஜெட் ஊதிப்போகிறது. விமான நிலையத்தை ஒட்டிய வினூஸ்கி போன்ற ஊர்களில் சத்தத்தை எதிர்த்துப் போராடியவர்கள் பலர் அவருக்கே ஓட்டுப் போட்டவர்கள். 2019 செப்டம்பரில் விமானங்கள் வந்து இறங்கின.