இரண்டு லேசருக்கும் ஒரே கண்ணாடி போதுமா?

கேள்வி: திருகோணமலை நகரில் பெயர்ப்பலகைக் கடை வைத்திருக்கிறேன். அக்ரிலிக் வெட்ட 60 வாட் சீஓடூ (CO2) லேசர் இருக்கிறது. கோயில் விளக்குகளில் உபயகாரர் பெயர் பொறிக்க, மூடி இல்லாத 20 வாட் ஃபைபர் லேசர் ஒன்று வாங்கினேன். பழைய நிறமற்ற பாதுகாப்புக் கண்ணாடியையே இதற்கும் போடலாமா?

பதில்: போடவே கூடாது. சீஓடூ கதிரின் அலைநீளம் 10,600 நனோமீற்றர். அது கண்ணின் முன்பக்கத்தைச் சுடும், உள்ளே போகாது. உங்கள் கண்ணாடி போன்ற நிறமற்ற பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கே அதை மறித்துவிடும். ஃபைபர் கதிர் 1,064 நனோமீற்றர். பாலிகார்பனேட்டை ஊடுருவி, கண்வில்லையால் குவிக்கப்பட்டு, விழித்திரையில் நேராக விழும். கண்ணுக்குத் தெரியாத கதிர் என்பதால் இமை தானாக மூடாது. விழித்திரைக்கு வலியும் தெரியாது. நீங்கள் பார்க்கும் பொறி உலோகம் ஆவியாகும் வெளிச்சம். சிவப்புப் புள்ளி இடம் காட்டும் விளக்கு மட்டுமே. அரை வாட்டைத் தாண்டினாலே லேசர் மிக ஆபத்தான 4ஆம் வகுப்பு. உங்களுடையது 20 வாட்.

பச்சை நிறத்தை நம்பிக் கண்ணாடி வாங்காதீர்கள். வில்லையிலேயே அலைநீள எல்லை அச்சிட்டிருக்க வேண்டும். அதற்குள் 1,064 அடங்க வேண்டும். ஒளியை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஓடி (OD) எண் 6 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஓடி 6 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும்.

ஆனாலும் கண்ணாடி இரண்டாவது காவல்தான். நம் ஊர் வெக்கையில் வியர்த்து மங்கினால் யாரும் கழற்றித் துடைப்பார்கள். காற்றுக்காகத் திறந்த கதவில் வாடிக்கையாளர் நின்று வேடிக்கை பார்ப்பார். ஆகவே முதலில் பெட்டி செய்யுங்கள். இரும்புத் தகடு, உள்ளே மினுங்காத கறுப்புப் பெயின்ட், இடைவெளி இல்லாத மூலைகள். நிறமற்ற அக்ரிலிக் யன்னல் வைத்தால் பெட்டியே வீண். 1,064க்கென்று விற்கும் தகடுதான் வேண்டும். கதவு திறந்தால் கதிர் நிற்கும்படி கதவில் ஒரு சுவிட்ச். பித்தளைத் தூசியை இழுக்கும் குழாயை வளைத்து விடுங்கள். நேராக விட்டால் அதன் வழியே ஒளி வெளியே வரும்.

குத்துவிளக்குதான் இதில் பெரிய தொல்லை. மெருகேறிய வளைந்த பித்தளை, சுழலச் சுழலக் கதிரை ஒவ்வொரு திசையில் தெறிக்கும். உயரமானது பெட்டிக்குள் அடங்காது என்று பலர் பெட்டியைத் தூக்கிவிடுகிறார்கள். பெரும்பாலான விளக்குகளில் தண்டும் அடியும் மரையால் இணைந்தவை. கழற்றி, பெயர் வரும் துண்டை மட்டும் உள்ளே வையுங்கள். கழற்ற முடியாத விளக்கானால் கடை ஷட்டரை இறக்கி, உள்ளே இருக்கும் எல்லோரும் கண்ணாடி போட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

பார்வையில் திடீரென்று கரும்புள்ளி தோன்றினால் கண்ணைத் தேய்க்காதீர்கள், சொட்டு மருந்து விடாதீர்கள். அன்றைக்கே பொது வைத்தியசாலைக்குப் போய், 1,064 நனோமீற்றர், 20 வாட், எந்தக் கண் என்று சொல்லி, கண் வைத்தியரிடம் விழித்திரையைப் பரிசோதிக்கக் கேளுங்கள்.