பத்துப் பேர் வேலை செய்யும் தொழிலுக்குப் புள்ளியியல் எதற்கு?

"புள்ளியியல் முறைகளெல்லாம் பெரிய ஆலைகளுக்குத்தானே, பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் அவற்றால் என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல ஒரு தராசையும் ஒரு நோட்டையும் நம்பித் தொழில் நடத்துபவர் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தேங்காய் எண்ணெயைப் பாக்கெட்டில் அடைத்து விற்கிறேன். அரை லிட்டர் பாக்கெட்டில் 455 கிராம் எண்ணெய் இருக்க வேண்டும். மூன்று கிராம் குறைந்தால் உடனே அடைக்கும் இயந்திரத்தின் அளவுத் திருகைத் திருப்பி மூன்று கிராம் கூட்டுவோம். அடுத்தது கூடினால் குறைப்போம். ஏழு ஆண்டுகள் இதைத்தான் பொறுப்பு என்று நம்பினேன். திருகைத் தொடாமல் நின்ற ஆபரேட்டரைத் திட்டியும் இருக்கிறேன். எடை சீராக இல்லை என்று ஒரு லோடு திரும்பி வந்த பிறகுதான், ஒரு பாக்கெட்டின் தற்செயலான குறையை அடுத்த பாக்கெட்டின் தலையில் ஏற்றி, எடைகளின் சிதறலை (சராசரியிலிருந்து அவை விலகி நிற்கும் அளவை) ஏறக்குறைய 1.4 மடங்கு ஆக்கிக்கொண்டிருந்தது எங்கள் கைதான் என்று புரிந்தது.

இயல்பாக எப்போதும் இருக்கும் மாறுபாட்டையும், தனிக் காரணத்தால் வரும் மாறுபாட்டையும் பிரித்துக் காட்டும் வரைபடத்தை அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூவார்ட் 1924-இலேயே வரைந்துவிட்டார். மணிக்கு ஐந்து பாக்கெட் எடை போட்டு, சராசரியையும் வீச்சையும் (அந்த ஐந்தில் மிகக் கூடிய எடைக்கும் மிகக் குறைந்த எடைக்கும் உள்ள வித்தியாசம்) குறித்து, வீச்சுகளின் சராசரியை ஐந்தைந்தாக எடை போடுவதற்கு உரிய எண்ணான 0.577-ஆல் பெருக்கி, அவ்வளவு தூரத்தில் மொத்தச் சராசரிக்கு மேலும் கீழும் எல்லைக் கோடு போட்டோம். சராசரிப் புள்ளி கோடுகளுக்குள் விழுந்தால் இயல்பான மாறுபாடு, தாண்டினால் தனிக் காரணத்தைத் தேட வேண்டும். மார்கழியில் காலை முதல் புள்ளி மட்டும் தினமும் கீழ்க்கோட்டைத் தாண்டி விழுந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின் குளிரில் எண்ணெய் இறுகியிருந்ததே காரணம். தொட்டியைச் சற்றுச் சூடாக்கியபின் அந்தப் புள்ளியும் உள்ளே வந்துவிட்டது. திருகை யாரும் தொடவில்லை.

பட்டம் படித்தவர்கள் இதைப் பள்ளிக்கூடக் கணக்கு என்று சிரிக்கலாம். இருக்கட்டும், நான் அதற்கு மேல் எதுவும் கோரவில்லை. என் ஆற்றாமை வேறு. லோடு திரும்பிய பதற்றத்தில் நான் முதலில் பணம் கட்டியது 'சிக்ஸ் சிக்மா' என்ற தர மேம்பாட்டு முறையைச் சொல்லித்தரும் ஒரு பயிற்சியாளரிடம். பத்து லட்சத்துக்கு 3.4 பிழை என்பதையே மூன்று நாள் சொன்னார். நாளுக்கு இரண்டாயிரம் பாக்கெட் அடைக்கும் எனக்குப் பத்து லட்சம் நிறையவே ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும் என்பதை அவர் கேட்டுக்கொள்ளவேயில்லை. ஜப்பானில் அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் தரக் கட்டுப்பாடு பற்றி 1950-இல் ஆற்றிய உரைகளை விரிவாகச் சொன்னவர், அதற்கு முன்பே ஷூவார்ட், நம் நாட்டுப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்து போனதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஐந்து பாக்கெட்டை எடை போடும் முறையையும் அவர் சொல்லித்தரவில்லை. அதை ஒரு பழைய பாடநூலைப் பார்த்து நானேதான் கற்றுக்கொண்டேன்.