குப்பைமேனிச் சாறும் கறுத்த சிறுநீரும்

பையனின் சளிக்கு அரைத்துக் கொடுத்த சாறு ஏதாவது விஷச்செடியுடையதோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மாமியார் பறித்தது குப்பைமேனியேதான். ஓரம் பல்பல்லாக இருக்கும் இலை, கிள்ளினால் பால் வராத தண்டு, இலைக்காம்படியில் எழும் கதிரில் சின்னப் பச்சைக் கிண்ணங்கள்: நீங்கள் எழுதிய அடையாளமெல்லாம் சரி. ஆறு வயதுப் பையன் சாறு குடித்ததும் வாந்தி எடுத்தது விஷத்தால் அல்ல. சளி வெளியே வரட்டும் என்று வாந்திக்காகவே அதைக் கொடுப்பார்கள். அரைத்தவர் கையில் அரிப்பா? சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ‘குப்பைமேனி மாதிரியே இருக்கும் விஷச்செடி’ வீடியோக்களை ராத்திரி முழுக்கப் பார்த்ததில் உங்கள் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

என் கவலை வேறு. “என் தம்பிக்குச் சின்ன வயதில் மலேரியா மாத்திரை தின்று காமாலை வந்தது” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் முக்கியமான வரி அதுதான்.

சிலருக்கு ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவு. சிவப்பணுக்களைக் காக்கும் நொதி அது. குறை இருப்பது சாதாரண நாளில் வெளியே தெரியாது. பிரைமாகுயின் என்ற மலேரியா மாத்திரையோ, அந்துருண்டையோ, குப்பைமேனியோ உள்ளே போனால் சிவப்பணுக்கள் கூட்டமாக உடையும். தாய் வழியாக வருவதால் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைப் பாதிக்கும்; தாய்மாமனுக்கு இருந்தால் மருமகனுக்கும் இருக்கலாம். இந்த இலை போட்டுக் காய்ச்சியதைக் குடித்தவர்களுக்கு இப்படி ரத்தம் உடைந்ததை 1990-களிலேயே இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சரியான செடியைப் பறித்தும் இது நடக்கும்.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: சிறுநீரின் நிறம். சாறு குடித்த மூன்று நாட்களுக்குள் பால் விடாத தேநீர் மாதிரியோ கோலா மாதிரியோ சிறுநீர் போனால், நள்ளிரவானாலும் ரத்தம் ஏற்றும் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். முகம் வெளுக்கும், கண் மஞ்சளாகும், மூச்சு வாங்கும், அவற்றுக்காகக் காத்திருக்காதீர்கள். கண் மஞ்சளானதும் ‘காமாலை’ என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பொழுதைப் போக்கிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிவருகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். அந்த ஒரு நாளில் பாதி ரத்தம்கூட உடைந்து போயிருக்கலாம். போன உடனே “குப்பைமேனி கொடுத்தோம்” என்று வாய்திறந்து சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று மறைத்தால், சிலசமயம் தரப்படும் மெத்திலீன் புளூ என்ற நீல மருந்தே இந்தக் குறை உள்ளவர்களுக்கு ஆபத்தாகிவிடும்.

சாறு கொடுத்து ஒரு வாரம் ஆயிற்று, சிறுநீர் தெளிவாகப் போகிறது என்கிறீர்கள். இந்த முறை தப்பித்தான். ஆனாலும் ஜி6பிடி ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்; தம்பிக்கும் சேர்த்து. ரத்தம் உடைந்த சூட்டோடு பார்த்தால் பொய்யாக ‘சரி’ என்று காட்டக்கூடும். உங்கள் பையனுக்கு அந்தச் சிக்கல் இல்லை, இப்போதே பார்க்கலாம். முடிவு வரும்வரை குப்பைமேனி சாறாகவும் வேண்டாம், கீரையாகவும் வேண்டாம். அலமாரியில் அந்துருண்டை இருந்தால் இன்றே எடுத்துப் போடுங்கள்.